கனால் பாலத்தில் நிற்காமல் போன பஸ்

எங்கள் வார்டில் நாளைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று தெரிய வேண்டுமானால் யாரும் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போன் செய்வதில்லை. எனக்குத்தான் செய்வார்கள். கரண்டு போனாலும் நான்தான். ரேஷன் கடையில் ஆட்டா வந்தாலும் நான்தான். தெருநாய்களுக்கு ஊசி போட ஆள் வந்தாலும் நான்தான். வெளிநாட்டில் இருக்கும் மகன் எப்போது லீவில் வருவான் என்றுகூட ஒருவர் என்னிடம் கேட்டுவிட்டார். அதைப் பஞ்சாயத்து இன்னும் தீர்மானிக்கவில்லை என்று சொல்லி வைத்தேன்.

இத்தனைக்கும் நான் மெம்பர் இல்லை, எந்தக் கட்சியிலும் இல்லை. வார்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிய நாளில், சின்ன வயதுக்காரியான எங்கள் மெம்பர், "எக்கா, நீங்க கொஞ்சம் பாத்துக்கிடுங்க, எனக்கு ஓட்டம்தான்" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். அன்றைக்குப் பிடித்த பிடி இன்னும் விடவில்லை.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், எல்லைக்கு மலையாளப் பக்கத்தில், ஒரு மேடும் ஒரு பள்ளமும் சேர்ந்தால் அது எங்கள் வார்டு. மேட்டில் பழைய மிஷன் சர்ச், நடுவில் அம்மன் கோவில் முக்கு, பள்ளத்தில் கால்வாய் மேல் கனால் பாலம். வீட்டில் பேசுவது தமிழ், ஆபீசில் எழுதுவது மலையாளம். பஞ்சாயத்திலிருந்து வரும் அறிவிப்பு எல்லாம் மலையாள எழுத்தில்தான் இருக்கும். என் வயதுக்காரர்களில் பலருக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் ஓடும், அவர்களுடைய பிள்ளைகளுக்கோ மலையாளம் மட்டும். ஒரே வீட்டில் அப்பாவும் மகளும் ஒரே போனைப் பார்த்து ஆளுக்கொரு விதமாக முழிப்பார்கள். ஆனால் காதில் விழுந்தால் இரண்டு மொழியும் எல்லாருக்கும் புரியும். அதனால் எழுதுகிற வேலையையே விட்டுவிட்டேன். காலைச் சோலி முடிந்ததும் போனை வாய்க்கு நேரே பிடித்துச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

"வார்டுக்காரங்க கேக்கணும். நாளைக்குக் குழாயில தண்ணி கிடையாது. இன்னைக்கே பிடிச்சு வெச்சிடுங்க. பிறகு எனக்குப் போன் செஞ்சு அழப்பிடாது, சொல்லிட்டேன்."

அந்தக் கடைசி வரியைக் கேட்கத்தான் பாதிப்பேர் போனைத் திறக்கிறார்கள் என்பார் என் வீட்டுக்காரர். எனக்கு மூக்கு மேல் கோபம், அது ஊருக்கே தெரியும். கோபப்படாமல் சொன்ன செய்தியை எங்கள் ஊரில் யார் கேட்டிருக்கிறார்கள்?

எல்லாருக்கும் ஆச்சரியம் என்னவென்றால், பஞ்சாயத்து அறிவிப்பு வருவதற்கு ஒரு நாள் முந்தியே என் அறிவிப்பு வந்துவிடும். எங்கே பைப் உடைந்தது, எங்கே ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எந்த முக்கில் போஸ்ட் சரிந்து நிற்கிறது, எல்லாம் எனக்கு முதலில் தெரியும். "உங்களுக்கு ஆபீசில யாரு எக்கா ஆளு?" என்று மெம்பர் பல தடவை கேட்டுவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

உத்தரவு போட்டது என் மைனி. மைனி என்றால் என் அண்ணன் மனைவி. கனால் பாலத்தை ஒட்டி வீடு. சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. "ரெண்டும் ஹர்த்தால் ஆக்கும்" என்பார் மைனி. "மத்த ஹர்த்தால் எல்லாம் சாயங்காலத்தோட முடியும். எனக்க ஹர்த்தாலுக்கு முடிவு கிடையாது." வாரத்தில் மூன்று நாள் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அண்ணனுக்கு விடியுமுன் ரப்பர் வெட்டப் போக வேண்டும். வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடித்து முடித்த பிறகுதான் அவன் கிளம்ப முடியும். அதனால் காலையில் மைனி தனியாகத்தான் போவார். மேட்டில் சர்ச் முன்னால் திரும்பி, அம்மன் கோவில் முக்கு வழியாகக் கனால் பாலத்துக்கு இறங்கி, தனுவச்சபுரம் போய், அங்கிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகிற அரசு பஸ் ஒன்று காலையில் உண்டு. அதுதான் மைனியின் பஸ். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட், ஜன்னலோரம்.

மதியம் அண்ணன் போய் ஆட்டோவில் கூட்டிவருவான். இரண்டு பக்கமும் ஆட்டோ என்றால் அவனுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் மைனி பஸ்ஸை விடாததற்குக் காரணம் அதுமட்டும் இல்லை. "நான் கொண்டுவிடுதேன் மைனி, என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னாப் போதும், யாருகிட்டயாவது காரு கேட்டு வாங்கித் தருவாரு" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். சொன்னதுதான் தாமதம், பிடித்துக்கொண்டார்.

"எடி பிள்ளே, திரும்பி வாறப்ப நான் தீனக்காரி. அது சரி. கண்ணைத் திறக்க முடியாது, ஒருத்தரு தாங்கிக் கொண்டுவரணும். போறப்ப நான் யாத்திரைக்காரி ஆக்கும். டிக்கெட் எடுத்து, ஜன்னல் பக்கம் இருந்து, ஊரு பாத்துப் போறேன். அந்த ஒரு மணிக்கூர் எனக்கு வேணும். அதில நீ கை வைக்காத."

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தீனம் என்றால் எங்கள் ஊரில் நோய். அந்த வார்த்தையை மைனி வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்த ஒரு மணிக்கூரில் மைனி பார்க்காதது கிடையாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு கையை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு மறு கையால் எனக்குப் போன் செய்வார்.

"தனுவச்சபுரத்தில காலேஜ் முக்குல தோண்டிப் போட்டிருக்கான். தண்ணி ஆறு மாதிரிப் போவுது. நாளைக்கு நமக்குக் குழாயில காத்துதான் வரும். பின்னே, ரேஷன் கடை முன்னால லாரி நிக்குது, சாக்கு இறக்குதான். பின்னே, பள்ளிக்கூடத்து மதிலு மேல மரம் சாய்ஞ்சு கிடக்கு, பிள்ளைகள அந்தப் பக்கமா விடண்டாம்னு சொல்லு. எனக்க பேரு வரப்பிடாது, கேட்டியா?"

"ஏன் மைனி? சொன்னா என்ன?"

"சொன்னா பாவம் பாவம்னு சொல்லுவாங்க. இம்புட்டுக் கஷ்டத்திலயும் ஊருக்காரியம் பாக்குதாளேன்னு சொல்லுவாங்க. செய்தி சொல்லுதவளப் பாத்து ஒருத்தரும் பாவம்னு சொல்லப்பிடாது."

சரி என்று விட்டுவிட்டேன். அவர் சொல்வார், நான் கோபத்தைச் சேர்த்து ஊருக்கு அனுப்புவேன். வார்டுக் குழுவில் மைனியும் உண்டு. ஒரு நாள்கூட அதில் வாய் திறந்தது கிடையாது. நான் அனுப்பியதைக் கேட்டுவிட்டு எனக்குத் தனியாகப் போன் செய்து, "லாரின்னு சொன்னேன், நீ டெம்போன்னு சொல்லிட்டே" என்று திருத்துவார். வாங்கிக் கட்டிக்கொள்வேன். எனக்கு இந்த ஊரில் பயம் என்று இருந்தால் அது மைனியிடம்தான். ஆசை என்று இருந்தாலும் அவரிடம்தான்.

அப்படி ஒரு நாள் வந்த போனில் வழக்கம்போல எல்லாம் சொன்னார். கரண்டு ஆபீசுக்காரர்கள் மரம் வெட்டுகிறார்கள், காஞ்சிரங்குளத்துப் பக்கம் கல்யாணத்துக்குப் போகிற வண்டிகள் நிறைய வருகின்றன, ரோட்டில் பார்த்துப் போகச் சொல்லு. எல்லாம் முடித்துவிட்டு அதே குரலில் சொன்னார்.

"பின்னே ஒரு காரியம். இந்தப் பஸ்ஸை நிறுத்தப் போறாங்களாம். கண்டக்டர் பிள்ள சொல்லிச்சு. ஆளு இல்லியாம்."

"மைனி, அப்ப நீங்க எப்படி..." என்று தொடங்கினேன்.

"அதைச் செய்தியில சொல்லாண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்றைக்குச் செய்தியைச் சொல்ல உட்கார்ந்தேன். சொல்லிச் சொல்லி அழித்தேன். கடைசியில் போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்துவிட்டு மெம்பர் வீட்டுக்கு நடந்தேன். மெம்பர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஈரத்துணியோடு நிறுத்தி வைத்துப் பிடித்துக்கொண்டேன். மறுநாளே அவள் டிப்போவுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"எக்கா, அவங்க சொல்லுறதும் நியாயம்தான். ஆளு ஏறல்ல. வாற வாரம் பாப்பாங்களாம். ஆளு உண்டுன்னா விடுவாங்க. இல்லைன்னா நிறுத்திருவாங்க."

ஏன் ஏறவில்லை என்று எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வீடு ஸ்கூட்டர் வந்தாச்சு. ஸ்கூட்டர் இல்லாத பெண்கள் வயல் வரப்பு வழியாக எல்லை தாண்டிப் போய் நிற்பார்கள். அந்தப் பக்கம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்பதும் கிடையாது. களியக்காவிளைச் சந்தைக்குப் போக அதைவிட என்ன வேண்டும்? இந்தப் பக்கத்துப் பஸ்ஸோ டிக்கெட்டுக்குக் கை நீட்டும். மைனியும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வேறு சில ஆட்களுமாக அது பாட்டுக்கு வரும், போகும். அது என்றைக்கும் வரும் என்று எல்லாரும் நினைத்திருந்தோம்.

அன்றைக்கு நான் அனுப்பிய செய்தியை இன்னும் சிலர் என்னைப்போலவே பேசிக் காட்டி எனக்கு வெறி ஏற்றுவார்கள்.

"வார்டுக்காரங்க கேக்கணும். காலைப் பஸ்ஸை நிறுத்தப் போறாங்க. நல்ல காரியம். நீங்க ஸ்கூட்டரில பறந்து நடங்க. ஆனா நான் ஒண்ணு சொல்லுதேன். திங்கட்கிழமை முதல் வீட்டுக்கு ஒரு ஆளு அந்தப் பஸ்ஸில ஏறணும். சோலி உண்டா இல்லியான்னு நான் கேக்கல்ல. ஏறணும். டிக்கெட் எடுக்கணும். ஏறாத வீட்டுக்குத் தண்ணி வருதா இல்லியான்னு இனி ஒரு நாளும் நான் சொல்ல மாட்டேன். குடத்தை வெச்சிட்டுக் குத்தவெச்சு இருங்க."

பஸ் விஷயத்தைச் சொல்லாண்டாம் என்ற உத்தரவை மீறினேன், ஆனால் மைனியின் பெயரை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அந்தப் பஸ்ஸில் யார் போகிறார், எங்கே போகிறார் என்பது வார்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

திங்கட்கிழமை காலையில் சர்ச் முன்னால் போய்ப் பார்த்தால் எனக்கே பயம் வந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு ஆள் என்று சொன்னேன். வீட்டோடு வந்திருந்தார்கள். சபையின் பாடகர் குழுவில் உள்ள பெண்கள் ஞாயிற்றுக்கிழமைச் சேலையில் நிற்கிறார்கள். வருஷக்கணக்காகக் காரை விட்டு இறங்காத ஒரு ரிட்டயர்டு ஆபீசர், தேய்த்த சட்டையோடு, கையில் ஒரு பைலோடு நிற்கிறார். எல்லை தாண்டி ஓசிப் பஸ்ஸில் போகிற கூட்டம் அப்படியே இங்கே நிற்கிறது. எல்லார் கையிலும் பை. கையை வீசிக்கொண்டு போனால் சோலி இல்லாத ஆட்கள் என்று டிப்போக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்களாம். என் வீட்டுக்காரர் கையிலும் ஒரு பை. வாங்கிப் பார்த்தேன், உள்ளே இன்னொரு பைதான் இருந்தது.

"பைலில என்ன சார்?" என்று ஆபீசரைக் கேட்டேன்.

"பழைய கரண்டு பில்லு. வேற ஒண்ணும் கையில அகப்படல்ல" என்றார் அந்த மனிதர். சிரிப்பை அடக்க முடியவில்லை.

பஸ் வந்து திரும்பியது. எங்களைப் பார்த்துக் கண்டக்டர் பெண் படியிலேயே நின்றுவிட்டாள். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். காலி பஸ்ஸில் தினமும் கொட்டாவி விட்டுக்கொண்டு வருகிறவள்.

"இதென்ன சேச்சி, பெருநாளா?" என்றாள்.

"பெருநாளும் இல்ல, ஒரு நாளும் இல்ல. டிக்கெட்ட எடு பிள்ளே, எல்லாருக்கும் நெய்யாற்றின்கரை" என்றேன்.

ஏறினோம். சீட் எல்லாம் நிறைந்தது. மைனியின் ஜன்னல் சீட்டில் யாரும் உட்காரக் கூடாது என்று சொல்லி என் வீட்டுக்காரரை அதன் பக்கத்தில் காவல் வைத்தேன். அம்மன் கோவில் முக்கில் இன்னொரு பெருங்கூட்டம். கோவில் கமிட்டிக்காரர்கள் மொத்தமாக நிற்கிறார்கள், நெற்றியில் சந்தனம் காயவில்லை. அவர்களும் ஏறினார்கள். நடுவழி நிறைந்து, படி நிறைந்து, கண்டக்டர் பெண் எங்கேயோ நடுவில் மாட்டிக்கொண்டு, "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கத்துகிறாள். பாடகர் குழு பாட்டு எடுத்துவிட்டது. கமிட்டிக்காரர்கள் கை தட்டுகிறார்கள். இந்தப் பஸ்ஸை இனி எவன் நிறுத்துவான் பார்க்கலாம் என்று எனக்கும் நெஞ்சு விம்மியது. பெருமைதான், வேறென்ன?

பஸ் பள்ளத்தில் இறங்கியது. கனால் பாலத்தில் மைனி நிற்கிறார். நீலச் சேலை, கையில் குடை, தோளில் ஆஸ்பத்திரிப் பை. பஸ்ஸைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நாங்களும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினோம். ஒரு பக்கத்து ஜன்னல் முழுக்கக் கைதான். "மைனி! மைனி! பாத்தியளா!" என்று நான்தான் முதலில் கூவினேன்.

பஸ் நிற்கவில்லை.

கால் வைக்க இடம் இல்லாத பஸ், ஸ்டாப்பில் ஒற்றை ஆள். கண்டக்டர் பெண் இருந்த இடத்திலிருந்து வெளியே பார்க்கவும் முடியாது. போகலாம் என்று டபுள் பெல் அடித்துவிட்டாள், டிரைவர் மிதித்துவிட்டார். மைனி கையைத் தூக்கியபடியே நிற்கிறார், நாங்கள் கையை ஆட்டியபடியே அவரைக் கடந்து போகிறோம். யாருக்காக ஏறினோமோ அவரை ரோட்டில் நிறுத்திவிட்டு, சேலையும் சந்தனமும் காலிப் பையுமாக நாங்கள் எல்லாரும் நெய்யாற்றின்கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்!

அது மண்டையில் ஏற எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஏறியதும் போட்ட கூச்சலில் எனக்கே காது அடைத்தது.

"எலே! நிறுத்து! நிறுத்துலே வண்டிய! மைனி ஏறல்ல!"

பாட்டு நின்றது. பஸ் முழுக்க ஒரே கத்தல், ஆளுக்கொரு பக்கம் கம்பியைத் தட்டுகிறார்கள். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து டிரைவர் பிரேக்கை மிதித்தார். வளைவைத் தாண்டி, ரப்பர் ஷீட் காயப்போடுகிற புகைப்புரை முன்னால் போய்த்தான் பஸ் நின்றது. பாலத்திலிருந்து அது நல்ல தூரம், ஏற்றம் வேறு.

மைனி நடந்து வருகிறார். இறங்கி ஓடிப்போய்க் கையைப் பிடிக்கலாம் என்று என் வீட்டுக்காரர் கூட்டத்தைத் தள்ளினார். நான் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். பிடித்துக் கூட்டிவந்தால் மைனி அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் ஏறவே மாட்டார், எனக்குத் தெரியும். அதனால் நாங்கள் எல்லாரும் பின்கண்ணாடி வழியாகவும் ஜன்னல் வழியாகவும் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்சம் நடப்பார், நிற்பார், குடையை ஊன்றிக்கொள்வார், மறுபடி நடப்பார். இத்தனை மெதுவாக மைனி நடப்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது. எனக்கு அவரைப் போனில் கேட்டுத்தான் பழக்கம். போனில் அவர் குரல் ஓடும்.

வந்து படியருகே நின்று, மூச்சு வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எனக்கும் கொஞ்சம் இடம் உண்டா? இல்ல, நான் நடந்தே போட்டா?"

சீட் காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுவரை போய்ச் சேர வழி இல்லை. படியில் நின்ற கமிட்டிக்காரர் ஒருவர் சட்டென்று இறங்கினார். "ஏறுங்க எக்கா, எனக்குச் சோலி ஒண்ணும் இல்ல." அவருக்குப் பின்னால் இன்னொருவர். "எனக்கும் இல்ல." பாடகர் குழு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையாக இறங்கியது. ஆபீசர் பைலோடு இறங்கினார். கண்டக்டர் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எல்லாரும் நெய்யாற்றின்கரைக்கு டிக்கெட் எடுத்தீங்களே! எங்கே போறீங்க?"

"டிக்கெட் டிக்கெட்டாட்டுக் கிடக்கட்டு மோளே" என்றார் ஒருவர். "நாங்க நடந்துக்கிடுதோம்."

என் வீட்டுக்காரர் இறங்கினார். கடைசியாக நானும் இறங்கினேன். இறங்கித் திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸில் மிச்சம் இருந்தது தனுவச்சபுரத்துக்குப் படிக்கப் போகிற சில பிள்ளைகள், கோர்ட்டுக்குப் போகிற ஒரு வயசாளி, துணிக்கடைக்கு வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள், பிறகு மைனி. அவ்வளவுதான். உண்மையில் அந்தப் பஸ் இத்தனை பேருக்குத்தான். டிப்போக்காரர்களைத் திட்ட ஒரு மூட்டை வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அந்தக் காலி சீட்டுகளைப் பார்த்த பிறகு ஒன்றும் வெளியே வரவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சில பேரும் பொய் இல்லையே! இவர்களுக்கு வேறு வண்டி எது? எனக்கு அழுகை வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு புகைப்புரை மதிலைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

மைனி சீட்டில் போய் உட்கார்ந்து, ஜன்னல் ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"காலத்தே எழும்பிக் குளிச்சு ஒருங்கி எல்லாரும் எங்கோட்டுப் புறப்பட்டீங்க?"

ஆபீசர்தான் பைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "சும்மா, நெய்யாற்றின்கரை வரைக்கும்" என்றார்.

"நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் ஆக்கும் சார். நீங்க வீட்டப் பாத்து நிக்குதீங்க" என்றார் மைனி.

கண்டக்டர் பெண் டபுள் பெல் அடித்தாள். பஸ் போய்விட்டது.

நாங்கள் மேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினோம். காலிப் பைகளோடு அவ்வளவு பேர் ரோட்டில் நடந்தால் பார்க்க எப்படி இருக்கும்? எதிரே வந்த பால்காரர் வண்டியை நிறுத்தி, யார் இறந்தது என்று கேட்டார். அவரை நான் திட்டி அனுப்பினேன். கனால் பாலத்தைக் கடக்கும்போது எல்லார் போனும் ஒன்றாகச் சத்தம் போட்டது. வார்டுக் குழுவில் ஒரு குரல் செய்தி. அனுப்பியது மைனி. ஆளாளுக்குத் திறந்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக, முன்னும் பின்னுமாக, அந்த ரோடு முழுக்க மைனியின் குரல்தான் கேட்டது.

"வார்டு செய்தி ஆக்கும். காலைப் பஸ் இன்னைக்குக் கொறச்சு தாமசம். காரணம் பஞ்சாயத்து இல்ல, டிப்போ இல்ல, வார்டுக்காரங்கதான். புகைப்புரை முக்கில நெறையப் பேரு காலிப் பையோட நடக்குதாங்க, வண்டி ஓட்டுதவங்க பாத்துப் போணும். பஸ்ஸில இப்ப இடம் தாராளமா உண்டு. நல்ல காத்து. நாளைக்கு இம்புட்டுப் பேரு வரண்டாம், தினம் நாலஞ்சு பேரு வந்தாப் போதும், முறை வெச்சு வாங்க. பின்னே, எனக்க..."

பஸ்ஸின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. டிரைவர் கியர் மாற்றுகிறார். பிறகு, "பாக்கி பின்னே சொல்லுதேன்."

மெம்பர் என் பக்கத்தில்தான் நடந்து வந்தாள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"எக்கா, ஆபீசில உள்ள உங்க ஆளு... இவங்கதானா?"

நான் மூக்கைச் சிந்திவிட்டு நடந்தேன். அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கனால் பாலம் தாண்டி ஏற்றம் ஏறுவதற்குள் வார்டு முழுக்கத் தெரிந்துவிட்டது.

மைனி சொன்னபடியே முறை வைத்தோம். முறை எங்களுக்குப் புதிது இல்லை. சர்ச்சில் பீடத்துக்குப் பூ வைக்க வீட்டு முறை உண்டு, அம்மன் கோவிலில் விளக்குக்கு முறை உண்டு. அதுபோலப் பஸ்ஸுக்கும் ஒரு முறை. மேட்டில் இரண்டு வீடு, முக்கில் இரண்டு வீடு. யார் முறை என்று முந்தின நாள் செய்தியில் சொல்வேன், தவறினால் திட்டுவேன். டிப்போவிலிருந்து நிறுத்துகிறோம் என்றும் சொல்லவில்லை, நிறுத்தவில்லை என்றும் சொல்லவில்லை. பஸ் வருகிறது. முறைக்கு ஏறினவர்கள் சும்மா திரும்புவானேன் என்று நெய்யாற்றின்கரைச் சந்தையில் மீனோ காயோ வாங்கி வருகிறார்கள், சிலருக்கு அது பழகியும்விட்டது. ஆபீசர் தன் முறை இல்லாத நாளிலும் போகிறார். அவருக்கும் மைனிக்கும் ஜன்னல் சீட்டுக்காக எப்போதும் சண்டை என்று கண்டக்டர் பெண் சொன்னாள்.

செய்தியும் முன்போலத்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து போன் வரும், நான் கோபம் சேர்த்து அனுப்புவேன். பெயர் சொல்லக் கூடாது என்ற உத்தரவு இன்னும் அமலில்தான் இருக்கிறது, ஊருக்கே தெரிந்த பிறகும். பாவம் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. "மைனிகிட்ட கேளு, நாளைக்குத் தண்ணி உண்டா?" என்றுதான் கேட்கிறார்கள்.

போன வாரம் என் முறை வந்தது. கனால் பாலத்தில் பஸ் ஒழுங்காக நின்று மைனியை ஏற்றிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன். தனுவச்சபுரம் வரை அவர் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மைனி, அன்னைக்குப் பாக்கி பின்னே சொல்லுதேன்னு சொன்னியளே. இதுவரைக்கும் சொல்லல்லியே?"

அவர் திரும்பவில்லை. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் பெண் பெல் அடித்தாள். பஸ் நகர்ந்த பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என் கையைப் பிடித்திருந்தது ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன அவர் கை.

"நீங்க ஓட வெச்ச பஸ்ஸில இன்னும் ஏறுதேனே பிள்ளே" என்றார். "பின்னே என்ன சொல்லணும்?"